நடு வால்முள்

மார்ச் 3

வணக்கம்.

நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன். அலுவலகக் காரியமாகத்தான் எழுதுகிறேன். இந்தக் காரியத்தை எழுத உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

துறைமுகத்தை ஆழப்படுத்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் சேறு எடுத்துச் சோதிக்கச் சொல்லி நம் கடல் ஆய்வு நிலையத்துக்குச் சில போத்தல்கள் வந்தன. வழக்கமான முறையில்தான் அலசினேன். சேற்றையும் கடல்நீரையும் வாளியில் கலக்கி, குமிழி கிளம்பும்படி அடித்து, மேலே மிதந்து வந்ததைத் தாளில் ஒற்றி, தாளைக் கழுவிச் சல்லடையில் பிடித்தேன். முள்தலைகள் நிறைய வந்தன. இந்த வரியின் முடிவில் நான் வைக்கிற புள்ளியில் ஒன்று வசதியாகப் படுத்துக்கொள்ளும். முட்கள் நிறைந்த தலையை உள்ளே இழுப்பதும் வெளியே நீட்டுவதுமாக நகர்கிற அதே பிராணிகள்தான். உங்களுக்குத் தெரியாததை ஒன்றும் சொல்லவில்லை. முறைப்படி எழுதவேண்டும் என்று எழுதுகிறேன்.

அவற்றில் பாதி, பதினோரு வருடத்துக்கு முன்னால் நீங்கள் புதிய இனம் என்று விவரித்து, நம் மகளின் செல்லப் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டிப் பெயர் வைத்த பொடிசு. மீதிப் பாதி, எந்தக் கரையில் சேறு அள்ளினாலும் வருமே, நாம் 'ஊர்சுற்றி' என்று சொல்வோமே, அந்தப் பழைய இனம்.

ஒரே ஒரு பொடிசு, சட்டை உரித்துக்கொண்டிருக்கும்போதே செத்திருக்கிறது. பழைய தோல் வெளியே, புது உடம்பு உள்ளே. வெளித்தோலில் வாலின் நடுவே முள் இருக்கிறது. உள்ளே இருக்கிற உடம்பில் அந்த நடு வால்முள் இல்லை. பக்கத்து முட்கள் இரண்டும் நீண்டிருக்கின்றன. முதுகு முட்கள் இருக்கவேண்டிய வளையங்களில் இருக்கின்றன. உள்ளே இருப்பது ஊர்சுற்றி.

அப்படியானால் பொடிசு என்று தனி இனம் கிடையாது. அது ஊர்சுற்றியின் குஞ்சு, கடைசிச் சட்டையை உரிக்காத பருவம். ஒரு பிராணிக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தி வைத்த பெயர்தான் நிற்கும். நீங்கள் வைத்த பெயரை நீக்கவேண்டி வரும்.

ஸ்லைடு என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை. என்ன செய்வது என்று எழுதுங்கள்.


மார்ச் 24

பொடிசு அம்மாவுக்கு,

இத்தனை வருடம் கழித்து உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நின்றுகொண்டே பிரித்தேன். படித்த பிறகுதான் உட்கார்ந்தேன். இங்கே எனக்குக் கொடுத்திருக்கிற அறை அருங்காட்சியகத்தின் நிலவறையில் இருக்கிறது. தலைக்கு மேலே வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, யாரோ பல்லைக் கடிப்பதுபோல நாள் முழுக்கச் சத்தம் போடும். அன்றைக்கு அந்தச் சத்தம்கூட என் காதில் விழவில்லை.

நீ எப்போதும் ஓர் அவசரக் குடுக்கை. ஒன்றின் மேல் ஒன்று படுத்துச் செத்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். மூடுகண்ணாடியை எவ்வளவு அழுத்தினாய்? கிளிசரினில் எத்தனை நாள் ஊறவிட்டாய்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இன்னொரு முறை பார். உள்ளே இருக்கிற உடம்பின் தலை, வெளித்தோலின் தலைக்குள் சரியாகப் பொருந்தியிருக்கிறதா? ஒரு வளையம் தள்ளியிருந்தாலும் அது இரண்டு தனிப் பிராணி.

பொடிசிடம் முட்டை காணவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அது முட்டையிடும் காலம் இல்லை என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன். குஞ்சுக்கும் வளர்ந்ததற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் வைத்த பெயர்களை வரிசையாக வெட்டி எறிந்தவன் நான். இந்தத் துறையில் எனக்குக் 'கத்தரி' என்று பெயர், நீதான் முதலில் அதைச் சொல்லிச் சிரித்தாய். என்னிடமே வந்து குஞ்சு என்கிறாய்.

உடம்பு எப்படி இருக்கிறது? நிலையத்தில் அந்த மூன்றாவது மாடி அறைதானா இன்னமும்? குழாய் ஒழுகுமே, சரிசெய்தார்களா?


ஏப்ரல் 9

என்னைப் பொடிசு அம்மா என்று அழைக்கவேண்டாம் என்று நீங்கள் போகும்போதே சொல்லியிருந்தேன். உங்களுக்கு மறந்திருக்கும்.

தலை தலைக்குள் பொருந்தியிருக்கிறது. பதின்மூன்று வளையமும் வளையத்துக்கு வளையம் பொருந்தியிருக்கின்றன. புதிய முட்கள் பழைய முட்களின் உறைக்குள் பாதி உருவியபடி நிற்கின்றன. கண்ணாடியை நான் அழுத்தவில்லை. உங்களிடம் வேலை கற்றவள் நான், நீங்கள் செய்யாத தப்பை நான் செய்வேனா என்று எழுத வந்தேன், வேண்டாம்.

பழைய போத்தலையும் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் புதிய இனம் என்று பிரித்தெடுத்த அதே போத்தலைத்தான் சொல்கிறேன். அதிலும் ஊர்சுற்றிகள் இருந்திருக்கின்றன. 'சாதாரணம்' என்று எழுதி வேறு கண்ணாடிக் குழாயில் போட்டிருக்கிறீர்கள். ஒரே பிடிச் சேற்றில் பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து இருந்ததுகள், நீங்கள் உட்கார்ந்து பிரித்து வைத்திருக்கிறீர்கள். நடு வால்முள்ளைப் பார்த்தால் முதலில் வயசைப் பார் என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்த மனிதர்! காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதை வேறு எப்படித்தான் புரிந்துகொள்வது?

அந்தப் பெயரை வைக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? குழந்தை போய் வருடம் திரும்பவில்லை. தபாலில் வந்த இதழைப் பிரித்தேன், பொருளடக்கத்தில் அவள் பெயர் இருந்தது. இதற்குத்தான் அழாமல் ராத்திரி பகலாக மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்திருந்தாரா என்று நினைத்தேன். என் பிள்ளையைக் கண்ணாடிக்கு நடுவில் வைத்து ஒட்டிவிட்டீர்கள் என்று தோன்றியது. அன்றைக்கு நான் பேசியதெல்லாம் அதிகம்தான். ஆனால் பொய் இல்லை.

பிறகு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு ஒருநாள், முன்பின் தெரியாத ஒரு பெண் எங்கிருந்தோ ஓர் இனப்பட்டியல் வெளியிட்டாள். அதில் நம் பெண்ணின் பெயர் இருந்தது. அக்காகூட இப்போது அவள் பெயரை எடுப்பதில்லை, எடுத்தால் நான் அழுவேனாம். யாரோ ஒருத்தி, எந்தக் கடற்கரையிலோ, சரியாக எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன், இன்னும் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்கள் பட்டியலில் என் பெண்ணின் பெயர் இருக்கிற ஒரே இடம் அதுதான். ரேஷன் அட்டையிலிருந்து அடித்துவிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் அடித்துவிட்டார்கள். இதையும் அடிக்கவேண்டும் என்பதை நான்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

ஸ்லைடை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் போயிருக்கும் அல்லது போகாமலே இருக்கும்.


மே 15

ஸ்லைடு வந்து சேர்ந்தது. சாதாரணத் தபாலில், பஞ்சுகூடச் சுற்றாமல், ஒரு தீப்பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறாய். ஒரே ஓர் உருப்படி, உலகத்தில் வேறு கிடையாது, அதைத் தீப்பெட்டியில் அனுப்புகிற ஆள் நீ இல்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கப்போவதில்லை. வழியிலேயே நொறுங்கிப் போயிருக்கக்கூடாதா என்று நானும்தான் நினைத்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

பிரித்து மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு வாரம் அதைச் சுற்றியே நடந்தேன். பிறகு பார்த்தேன். நீ எழுதியது சரி. எனக்குப் பத்து நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. பதினோரு வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்தது எப்படி என்றுதான் தெரியவில்லை.

சொல்கிறேன் கேள். அன்றைக்குப் படகில் அந்தச் சேறு மேலே வந்துகொண்டிருந்தபோதுதான் வயர்லெஸ்ஸில் என்னைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து சேர மறுநாள் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, உன் அக்கா வாசலிலேயே நின்று சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் போத்தல்தான் இருந்தது. அதில் ஏதாவது இருந்தே ஆகவேண்டும் என்று இருந்தது எனக்கு. சும்மா வெறும் சேற்றுக்காகவா நான் அங்கே போயிருப்பேன்? புதிதாக ஒன்று இருந்தால், அது இதுவரை யாரும் பார்க்காத ஒன்றாக இருந்தால், நான் போனதற்கு ஏதோ ஓர் அர்த்தம் இருக்கும். நடு வால்முள்ளைப் பார்த்தேன். பார்த்ததும் விட்டுவிட்டேன் மற்ற எல்லாவற்றையும்.

'காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல்தான், நீங்க போயிட்டு வாங்க' என்று நீதான் சொன்னாய். இதை நான் உன்னிடம் நேரில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இன்றைக்கு எழுதிவிட்டேன், கிழிக்கப்போவதில்லை.

பெயரை நான் நீக்குகிறேன். வைத்தவன்தான் எடுக்கவேண்டும். இரண்டு பக்கக் குறிப்பு போதும்.


ஜூன் 2

ஆமாம், நான்தான் போகச் சொன்னேன். அதை நீங்கள் எழுதவேண்டியதில்லை, எனக்குத் தினமும் கேட்கிறது.

இப்போது வேறு ஒன்று சொல்கிறேன். எழுதாதீர்கள். குறிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்த ஸ்லைடைப் பற்றி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். துறைமுகத்தில் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள், சேற்றை எல்லாம் ஆழ்கடலில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். சட்டை உரிக்கிற இன்னொன்று யாருக்காவது கிடைக்க ஒரு தலைமுறை ஆகும். அதுவரை இருக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்? மருந்து தப்பாகப் போகுமா, பாலம் இடிந்து விழுமா? இரண்டு சொல் தப்பாக இருக்கும் ஒரு பட்டியலில், அதைப் புரட்டுகிறவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தால் ஒரு பஸ்ஸில் அடங்குவார்கள்.

நான் இப்படிக் கேட்பேன் என்று நானே நினைக்கவில்லை. உங்கள்மேல் கோபப்பட்ட பெயருக்காகவே உங்களிடம் கெஞ்சுகிறேன், பாருங்கள் என் நிலைமையை. காலையில் அறையைத் திறந்ததும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர்க் குழாயைத் திறக்கிறேன். அதுவும் இல்லை என்றால் நான் எதற்காக அந்த மாடி ஏறவேண்டும்?

உடைத்துவிடுங்கள். உங்களால் முடியாது என்றால் என்னிடம் திருப்பி அனுப்புங்கள், நான் உடைக்கிறேன்.


ஜூன் 20

உடைக்க முடியவில்லை. கையில் எடுத்தேன், அவ்வளவுதான். எடுத்த இடத்திலேயே வைத்தேன். பாதி வெளியே வந்து நிற்கிறது அது.

ஆனால் எழுதவும் மாட்டேன். நீ சொன்னதற்காக. என் மேஜையில் பூட்டு உள்ள இழுப்பறை ஒன்று இருக்கிறது, அதில் வைத்துச் சாவியை எடுத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிகிறது. நம் பூசணிக்காய் கண்ணுக்கே தெரியாத அளவு என்பதுதான் ஒரு சௌகரியம்.

நேற்று ஓர் ஆச்சரியம். தெருவில் நடந்துகொண்டே அவளைப் பற்றி யோசித்தேன், வழக்கமாக நினைப்பை வேறு பக்கம் திருப்பிவிடுவேன், நேற்று திருப்பவில்லை. நெயில் பாலிஷ் ஞாபகம் வந்தது. ஸ்லைடு ஓரம் ஒட்ட வைத்திருந்த சிவப்புப் பாலிஷை எடுத்துத் தன் பத்து விரலுக்கும் பூசி, மிச்சத்தை என் கட்டை விரலுக்கும் பூசிவிட்டாள். அதோடு நான் அலுவலகக் கூட்டத்துக்குப் போனேன். நீ சொல்லவே இல்லை, வேண்டுமென்றே. உன்னிடம் இதைச் சொல்லிச் சிரிக்கவேண்டும் என்று தோன்றியது. வேறு யாரிடம் சொன்னாலும் இது வெறும் கதைதானே.

செப்டம்பரில் ஒரு மாநாடு இருக்கிறது, நம் 'சேற்றுத் தாத்தா'வும் வருகிறாராம். அவர் ஆசிரியராக இருக்கிற இதழில்தான் பொடிசு பற்றிய என் கட்டுரை வந்தது. அது முடிந்த பிறகு டிசம்பரில் எனக்கு விடுப்பு உண்டு. வரலாமா? வீட்டுக்கு வேண்டாம் என்றால் நிலையத்துக்கு வருகிறேன். ஒழுகுகிற குழாயையாவது பார்க்கிறேன்.


செப்டம்பர் 12

உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாநாட்டில் ஓர் இளம்பெண் புதிய முள்தலை இனம் ஒன்றைக் காட்டிப் பேசினாள். படத்தில் நடு வால்முள் பளிச்சென்று தெரிந்தது. எனக்குப் பழக்கதோஷம், எழுந்துவிட்டேன். "இது குஞ்சும்மா. வயசுகூடப் பார்க்காம பேர் வைக்க வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே கேட்டேன். என் இழுப்பறையில் இருப்பது தெரிந்தும் கேட்டேன். ஊருக்கு உபதேசம் என்பது என் விஷயத்தில் வியாதியாகவே முற்றிவிட்டது.

வழக்கமாக நான் இப்படிக் கேட்டால் யாராவது சிரிப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அறை முழுக்க எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், "சரி சார், திரும்பப் பார்க்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

தேநீர் இடைவேளையில் தாத்தா என்னைத் தோளைப் பிடித்து மாடிப்படிக்குக் கீழே அழைத்துக்கொண்டு போனார். நன்றாகத் தளர்ந்துவிட்டார், படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"அந்தப் பொண்ணு உனக்குப் பதில் சொல்லியிருக்கலாம்பா. ஒரே ஒரு பேரைச் சொன்னா போதும், நீ உட்கார்ந்திருப்பே. சொல்லலை பாரு" என்றார்.

பொடிசின் பேரைத்தான் சொல்கிறார். அவர் மேலே சொன்னார்.

"உன் கட்டுரை வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். முதல் படத்துலயே வால்முள் நிக்குதே. மூணு பேருக்குப் படிக்க அனுப்பினேன். மூணு பேருக்கும் உன் வீட்டு விஷயம் தெரியும். மூணு பேரும் ஒரே பதில்தான் எழுதினாங்க, 'இப்போதைக்கு இருக்கட்டும்'னு. அப்புறம் யாரும் கை வைக்கலை. இனப்பட்டியல் போட்டவ என்கிட்ட வந்து கேட்டா, இதை என்ன பண்றதுன்னு. சும்மா ஒரு ஓரமா போட்டுடும்மான்னேன்."

அந்தப் பட்டியல்தான். உன் மேஜையில் இருக்கிறதே, அந்தப் பக்கம்தான்.

எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருடமாக எல்லோருக்கும் தெரியும். நான் மேடை மேடையாக ஏறி மற்றவர்கள் வைத்த பெயர்களை வெட்டிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தவன், போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு இதைச் சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். சொல்லாமல் இருந்து இருந்துதான் நாம் இந்தக் கதிக்கு வந்தோம். இனி நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். அப்படியே இருக்கட்டும் என்றாலும் இருக்கட்டும். எனக்கு எதிலும் பிடிப்பு இல்லை. நிலவறைக்கு இறங்கிப் போகிறேன், மைக்ராஸ்கோப் விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருக்கிறேன், மாலையில் ஏறி வருகிறேன்.


அக்டோபர் 1

உங்கள் கடிதத்தை நிலையத்தில் பிரித்தேன். படித்து முடித்ததும் மேஜைக் கண்ணாடியைத் தூக்கி அந்தப் பக்கத்தை எடுத்தேன். வெயில் பட்டுப் பட்டு அது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பாதிதான் கையோடு வந்தது. மீதியைச் சுரண்டினேன். சுரண்டும்போது எனக்கு அழுகைகூட வரவில்லை. அவமானமாக இருந்தது, உங்கள் அவமானம் இல்லை, என்னுடையது. முகம் தெரியாத யாரோ ஒருத்தி என் பெண்ணை நிஜம் என்று நம்பி எழுதினாள் என்றல்லவா தினமும் காலையில் அதற்கு முகம் காட்டிக்கொண்டிருந்தேன். ஓரமாகப் போடப்பட்ட பெயரா அது!

தாத்தாமேல் எனக்குக் கோபம் இல்லை. யார்மேலும் இல்லை. நல்ல மனிதர்கள், நல்லதுதான் செய்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. பிறகு போனேன், வேறு எங்கே போவது? போத்தல்களில் மிச்சமிருந்த சேற்றை அலசினேன். பொடிசுகளும் ஊர்சுற்றிகளும் வந்தன. ஊர்சுற்றிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதில் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் பொடிசாக இருந்து, முள்ளை விட்டுவிட்டு, சட்டையை உரித்துப் போட்டுவிட்டு வந்தது. எந்தக் கடலிலும், எந்தப் பிடிச் சேற்றிலும், எல்லாமே பொடிசைத் தாண்டி வந்திருக்கிறது. தாண்டாதது நம்முடையது மட்டும்தான். வளர்ந்திருந்தால் எப்படி இருப்பாள் என்று இதுநாள்வரை முகத்தை மாற்றி மாற்றி யோசித்துப் பார்த்தேன், இனி அதுவும் முடியாது என்று நினைக்கிறேன். எனக்குக் காத்திருக்க ஒன்றும் இல்லை. இதை ஆறுதல் கேட்டு எழுதவில்லை, நீங்கள் ஆறுதல் எழுதினால் படிக்கமாட்டேன்.

டிசம்பரில் வருவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. ஒருவர் முகத்தில் இன்னொருவர் அவளைத் தேடிக்கொண்டிருப்போம், இரண்டு பேரிடமும் அவள் இல்லை.

ஆனால் பெயரை நீக்கவேண்டும். இருக்கட்டும் என்று ஜூனில் கெஞ்சியவள்தான் இதைச் சொல்கிறேன். இரண்டு பக்கக் கட்டுரை இத்துடன் இருக்கிறது. நானே எழுதிவிட்டேன். எழுதியவர்கள் என்று உங்கள் பெயரையும் என் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். வைக்கும்போது நீங்கள் தனியாக வைத்தீர்கள், எடுக்கும்போதாவது இரண்டு பேரும் எடுப்போம். 'செல்லாது' என்ற சொல்லை எங்கும் போடவில்லை. 'இளம் பருவம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். உங்கள் கத்தரியை அதில் வைக்காதீர்கள். அந்த மாநாட்டுப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள்.

ஏன் மனம் மாறினேன் என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று, நீங்கள் கடலுக்குப் போயிருந்த ஏதோ ஒரு மாதத்தில் நடந்தது. தெருப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பெரிய பிள்ளைகள், இவள் போய்ச் சேர்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டே உள்ளே வந்தாள். யாராவது அடித்துவிட்டார்களா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"யாருமே அடிக்கலம்மா. என்னைப் புடிக்கவே மாட்டேங்குறாங்க. புடிச்சாலும், 'நீ ஓடு, நீ ஓடு'ங்குறாங்க. நான் உப்புக்குச் சப்பாணியாம். உப்புக்குச் சப்பாணின்னா என்னம்மா?"

சும்மா சேர்த்துக்கொள்வது, கணக்கில் கிடையாது, உனக்கு அடிபடக்கூடாது என்று பாசத்தில் அப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கினேன். அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. என் முந்தானையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நீ வந்து சொல்லும்மா. நெஜமா ஆடணும்னு சொல்லு."

போய்ச் சொன்னேன். பிள்ளைகளும் சரி என்றார்கள். அடுத்த ஆட்டத்தில் அவளைத்தான் முதலில் பிடித்தார்கள், நாலடிகூட ஓடியிருக்கமாட்டாள். நான் பயந்துகொண்டே நின்றேன், இன்னும் பெரிதாக அழப்போகிறாள் என்று. அவள் கையைத் தட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, நான் அவுட்டு! அம்மா, நான் அவுட்டு!"

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.